அது கைவிடப்பட்ட படகு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாக் விரிகுடாக் கரையில் மறைந்துவரும் பாய்மரப் படகுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் கடற்கரைப் பக்கம் யாரேனும் வந்து எட்டிப் பார்த்தார்கள் என்பதில் மகிழ்ச்சியே. ஆனால் கட்டுரையோடு வெளியான படத்தின் கீழ், ‘கரையில் கைவிடப்பட்டு மட்கிவரும் பழைய வத்தை’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அந்த வத்தை, அதாவது அடி தட்டையான பாய்மரப் படகு, என்னுடையது. அதை நான் கைவிடவில்லை. படத்தில் அடிப்பக்கம் இரண்டு பலகைகள் இல்லாமல் ஓட்டையாகத் தெரிவது, அவற்றை நாங்களே ஆணி பிடுங்கிக் கழற்றி எடுத்ததால். படகின் முன்முனையான அணியத்துக்கு அருகில் கறுப்பாகத் தெரிவதும் மக்கிய மரம் அன்று. அதற்கு முந்தைய நாள் பூசிய எண்ணெய். பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் படகுக்கும் பாழாய்ப் போன படகுக்கும் வேறுபாடு தெரியாமல் போவது படம் எடுத்தவரின் குற்றமாகாது. ஐந்து வாரமாக ஒரு படகு பாதி பிரித்த நிலையில் கிடந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அது ஏன் ஐந்து வாரம் கிடந்தது என்பதைச் சொல்லத்தான் இக்கடிதம்.

நான் ஒரு பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வத்தை என் தந்தையார் காலத்தில் கட்டியது. 24 அடி நீளம், இரண்டு பாய்மரம். இப்போது என் தம்பி மகனும் உறவினர் இருவரும் நண்டு வலைக்கும் இறால் வலைக்கும் அதை ஓட்டுகிறார்கள். பழுது பார்ப்பதும் கணக்கு எழுதுவதும் என் பொறுப்பு. எழுத்தர் வேலை பார்த்த பழக்கத்தால் ஒவ்வோர் ஆண்டும் ஆணிக்கு எவ்வளவு, பஞ்சுக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். இனி எழுதப்போவது பெரும்பாலும் அந்த நோட்டில் இருப்பதுதான்.

கோடியக்கரையிலிருந்து தொண்டி வரையிலான எங்கள் கடல் ஆழம் குறைந்தது. அடி தட்டையாக உள்ள வத்தை இந்தக் கடலுக்கென்றே அமைந்த படகு. காற்று ஒரு பக்கம் சாய்க்கும்போது கவிழாமலிருக்க, படகின் குறுக்கே நீண்ட பலகை ஒன்றைப் போட்டு, காற்று வரும் பக்கம் நீட்டிய அதன் முனையில் ஆள் ஏறி அமர்ந்து சமன் செய்வார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வகைகளைப் பற்றி எழுதியபோது பாக் விரிகுடாவின் இந்தப் பலகைப் படகுகளையும் பதிவு செய்திருக்கிறார். இன்று பல வத்தைகளில் எஞ்சினும் இருக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் கடற்கோரை என்னும் கடற்புல் மண்டிக் கிடக்கும் ஆழமற்ற இடங்களில், எஞ்சின் விசிறி கோரையை அறுக்காமல், ஓசையில்லாமல் வலை விடுவதற்குப் பாய்க்கு இணை எதுவுமில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தக் கடல்பசு தின்பதும் இதே கோரையைத்தான்.

கட்டுரையில், இளைஞர்களுக்கு ஆர்வமில்லை, எஞ்சின் வந்துவிட்டது, கண்ணாடியிழைப் படகு மலிந்துவிட்டது என மூன்று காரணங்கள் சொல்லப்பட்டிருந்தன. மூன்றும் சரிதான். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு உதவியாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் நிறைந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். ஆனால் என் அனுபவத்தில் நான்காவது காரணம் ஒன்று உண்டு. அதுவே எல்லாவற்றிலும் பெரிது. உரிய மாதத்தில் ஐந்தாயிரம் ரூபாய் கையில் இல்லாததால் அடுத்த ஆண்டு இருபதாயிரம் ரூபாய் வேலையாகி, அதற்கடுத்த ஆண்டு விறகுக்கு விற்கப்பட்ட வத்தைகள் எங்கள் கரையில் மட்டும் நான் அறிய நான்கு உண்டு.

உரிய மாதம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பழுதுபார்ப்புக்கு ஆண்டில் எங்களுக்குக் கிடைப்பது மிகச் சிறிய இடைவெளி. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வாடைக் காற்றும். அப்போது மரம் உலராது, எண்ணெய் பிடிக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்குத்தான்; பாய்மரப் படகுகளுக்கும் துடுப்புப் படகுகளுக்கும் தடையில்லை. விசைப்படகு மீன் சந்தைக்கு வராத அந்த இரண்டு மாதத்தில்தான் எங்கள் நண்டுக்கும் இறாலுக்கும் நல்ல விலை கிடைக்கும். ஆண்டு முழுதும் பட்ட கடனை அடைக்கும் காலத்தில் படகைக் கரையில் கவிழ்த்து வைப்பவன் யார்? அப்படியே வைத்தாலும் தச்சர் கிடைக்க மாட்டார். விசைப்படகுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் கரையேறி நிற்பதால், உளி பிடிக்கத் தெரிந்த ஒவ்வொருவரையும் முன்பணம் கொடுத்து அவர்கள் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள், கூலியும் ஏறிவிடுகிறது. ஆக எஞ்சுவது தை, மாசி இரண்டு மாதமே. பொங்கலுக்கும் வட்டிக்கும் போக, மழைக்காலத்தில் தொழிலில்லாமல் இருந்துவிட்டு வரும் எங்கள் கையில் பணம் மிகக் குறைவாக இருப்பதும் அந்த இரண்டு மாதத்தில்தான்.

இந்த ஆண்டு கழற்றிய பலகையைப் பற்றிச் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அதில் குண்டூசித் தலையளவு துளைகள் ஏழெட்டு இருந்தன. மற்றபடி பலகை திடமாகவே தெரிந்தது. கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போகவில்லை. சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டியபோதுதான் ஓசை மாறியது; நல்ல மரம் ‘ணங்’ என்று எதிரொலிக்கும், இது பூசணிக்காயைத் தட்டியது போல் ‘பொத்’ என்றது. கழற்றி நெடுக அறுத்துப் பார்த்தோம். உள்ளே சுண்டு விரல் நுழையும் அளவுக்குக் குழாய் குழாயாக அரித்து, ஒவ்வொரு குழாயின் உட்சுவரிலும் வெள்ளையடித்தது போல மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. கப்பல் புழு என்று நாம் சொல்லும் இது உண்மையில் புழுவன்று, சிப்பி இனத்தைச் சேர்ந்தது. குஞ்சாக இருக்கும்போது ஊசித் துளை போட்டு உள்ளே புகுந்து, பிறகு மரத்துக்குள்ளேயே வளர்கிறது. அதனால்தான் வெளியே துளை பெரிதாவதில்லை. படகைக் கரையேற்றினால் செத்துவிடும் என்று பலர் நினைத்து மூன்று நான்கு நாள் வெயிலில் வைத்துவிட்டு இறக்கிவிடுகிறார்கள். துளையின் வாயை அடைத்துக்கொண்டு நீரின்றிச் சில வாரம் அது உயிரோடிருக்கும் என்பதால் அந்த நான்கு நாள் தொழில் இழப்புதான் மிச்சம். கரையேற்றினால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். அந்த ஒரு மாதச் சோற்றுக்கு வழியிருப்பவரே வைக்க முடியும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

முந்தைய தலைமுறை இதற்குச் செலவில்லாத வழிகள் வைத்திருந்தது. அடிப்பக்கத்தைச் சுரண்டி, ஒட்டி வளரும் ஓட்டுயிரான கொட்டலசை நீக்கிவிட்டுப் பனையோலைத் தீயால் ஒரு சுற்று வாட்டுவார்கள். மேற்பரப்பில் ஒட்டிய குஞ்சுகள் கருகும். பிறகு மீன் எண்ணெயோ, முந்திரிக் கொட்டைத் தோலிலிருந்து எடுக்கும் கறுப்பு எண்ணெயோ இரண்டு கை பூசுவார்கள். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரி உடைக்கும் தொழில் இருப்பதால் அந்த எண்ணெய் இன்றும் கிடைக்கிறது. கையுறை இல்லாமல் தொட்டால் தோல் கொப்பளித்துவிடும். என் இடது மணிக்கட்டில் அதற்கான தழும்பு இருக்கிறது. சிலர் செலவைக் குறைக்க எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலைப் பூசுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கடலில் படலமாக மிதப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒருமுறை அந்த ஆயில் ஊறிய மரத்தில் பிற்காலத்தில் பெயின்டோ பிசினோ எதுவுமே ஒட்டாது.

அடுத்தது கலப்பத்து. பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடுக்கில் பருத்தித் திரியை உளி வைத்து அடித்து இறுக்கி, மேலே குங்கிலியம் என்னும் மரப் பிசினைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிய குழம்பை ஊற்றி மூடும் வேலை. பார்ப்பதற்கு எளிது. இந்த வேலை தெரிந்தவர்கள் எங்கள் வட்டாரத்தில் இப்போது மூவர். அவர்களில் இளையவருக்கே அறுபது வயதைத் தாண்டிவிட்டது. இவ்வேலையில் பணம் குறைந்தவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும், நானும் செய்திருக்கிறேன். ஒரு மாதம் வெயிலில் காய்ந்த படகின் இடுக்குகள் விரிந்து, உள்ளிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரியும். அதைக் கண்டு பதறி, இடுக்கு நிறையும் மட்டும் பஞ்சை அடித்துத் திணித்தேன். படகை நீரில் இறக்கியதும் பலகைகள் ஊறிப் பருத்தன. பருக்க இடமில்லாததால் இரண்டு இடத்தில், பலகைகளைத் தாங்கும் உள்சட்டமான வங்கிலிருந்து ஆணியோடு பெயர்ந்து வந்துவிட்டன. ஆறு கிலோ பஞ்சு வீண். அதைவிடப் பெரிய தச்சு வேலை புதிதாகச் சேர்ந்தது. அதன் பிறகு எங்கள் கலப்பத்துக்காரர் சொன்னபடி, அடிப்பதற்கு முன் மூன்று நாள் நனைத்த சாக்குகளை இடுக்கின் மேல் போர்த்தி, காலையும் மாலையும் கடல்நீர் ஊற்றி, மரம் ஓரளவு பருத்த பிறகே திரியை வைக்கிறோம். வேலை முடிந்ததும் முழங்கால் ஆழத்தில் இரண்டு இரவு அப்படியே நீர் புகுந்து ஊற விட்டுவிடுகிறோம். முதல் நாள் பாதிப் படகு நீராக நிற்கும்; வேடிக்கை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் இறைத்துவிட்டால் அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒரு வாளிக்கு மேல் கசியாது. சாக்குக்கும் கடல்நீருக்கும் காசில்லை.

ஆணியில்தான் சிக்கனம் பெரும்பாலும் நட்டத்தில் முடிகிறது. சாதாரண இரும்பு ஆணி கிலோ விலை குறைவு. ஆனால் துரு ஏறும்போது ஆணி பருத்து மரத்தைப் பிளக்கும். சுற்றியுள்ள மரம் கறுத்து மிருதுவாகி, பிறகு அதே இடத்தில் எந்த ஆணியும் பிடிக்காது. வெயிலில் பளபளப்பாக மின்னும் மெல்லிய துத்தநாகப் பூச்சு ஆணிகளும் ஓராண்டில் அப்படித்தான். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த, சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும் ஆணியைக் கேட்டு வாங்க வேண்டும். தாமிர ஆணி எல்லாவற்றிலும் சிறந்தது, எங்களால் முடிவதில்லை. முடிந்தவர்களும் ஒரே பலகையில் தாமிரத்தையும் இரும்பையும் கலந்து அடிக்கக் கூடாது. உப்புநீரில் இரண்டும் அருகருகே இருந்தால் இரும்பு தனியாக இருப்பதைவிட வேகமாக அரிக்கும்.

கண்ணாடியிழையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு யோசனை இருந்தது. பழைய மரப்படகின் மேல் கண்ணாடியிழைப் பாயை ஒட்டிப் பிசின் பூசிவிட்டால் ஆயுள் நீளும் என்பது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மருந்தூட்டிய ரப்பர் மரத்தில் கட்டிய வள்ளங்களுக்கு இவ்வாறு உறையிட்டு நல்ல பலன் கண்டது உண்மை. ஆனால் அது புதிதாகக் கட்டிய, நன்கு உலர்த்திய, முன்பே மருந்தூட்டிய மரம். முப்பது ஆண்டு எண்ணெயும் உப்பும் குடித்த வத்தைப் பலகையில் பாலியெஸ்டர் பிசின் ஒட்டுவதில்லை. ஓராண்டில் மாம்பழத் தோல் போல உரிந்து, உரிந்த தோலுக்கும் மரத்துக்கும் இடையே மழைநீர் தங்கி, வெளியே தெரியாமல் மக்கும். கடல்நீரைவிட மழைநீரே மரத்துக்குப் பகை என்பது பலருக்குத் தெரியாது. உப்பு ஊறிய மரத்தில் காளான் எளிதில் பிடிக்காது. அதனால்தான் என் தந்தையார் மழைக்காலத்தில் வங்குகளின் சந்தில் கல்லுப்பை அள்ளிப் போட்டு வைப்பார். ஆணி இரும்பாக இருந்தால் அந்த உப்பே துருவையும் வளர்க்கும் என்பதால் ஆணியின் தலையில் குங்கிலியம் வைத்து மூடிய பிறகே போடுவார். அணியத்தை உயர்த்தி, அடிக்கட்டையிலுள்ள துளையைத் திறந்து வைத்து, காற்று புகும்படி ஓலைப் பந்தல் போட்டால் போதும். பிளாஸ்டிக் தார்பாயை ஒட்ட மூடி இறுகக் கட்டினால் உள்ளே வேர்த்து, மூடாமல் விட்டதைவிட மோசமாகும்.

கண்ணாடியிழைப் படகு வைத்திருப்பவர்கள் சொந்தமாகப் பழுது பார்ப்பதில் பெரும் மிச்சம் உண்டு. அதில் ஓர் ஆபத்தும் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். விரிசலைச் சுற்றி அந்த இடத்தின் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் புதிய பாயை ஒட்ட வேண்டும். விரிசல் மேல் நேராக ஒட்டினால் அது சுவரொட்டி போன்றதுதான். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழைப் பாய் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பிசின் போதும். கூடுதல் பிசின் பலம் தராது, நொறுங்கும் தன்மையையே தரும். ஆபத்து எங்கே என்றால், பிசினோடு சேர்க்கும் முடுக்கியும் கெட்டிப்படுத்தும் திரவமும் தனித்தனிப் புட்டிகளில் வருகின்றன. ஒன்றைப் பிசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் வெடித்துத் தீப்பற்றும். கடையில் இரண்டையும் பெயரெழுதாத பழைய குளிர்பானப் புட்டிகளில் ஊற்றித் தருகிறார்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். கடைக்காரர்கள் யாரேனும் இதைப் படித்தால், ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரையாவது எழுதி ஒட்டித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடை என்றதும் எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாண்டுக்கு முன் மேல்தட்டுக்காக மரைன் பிளைவுட் வாங்கினேன். பலகையில் ஐ.எஸ். 710 என்று தர முத்திரை தெளிவாக இருந்தது. ஆறே மாதத்தில் தோசைக்கல்லில் எழும் அடையைப் போல அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. விற்ற கடையில் கேட்டபோது நான் நீரில் நனைத்ததுதான் காரணம் என்றார்கள். படகுக்கு வாங்கிய பலகையை நனைக்காமல் எப்படி வைத்திருப்பது என்று கேட்டேன், பதிலில்லை. அந்தத் தரப்படி உண்மையான பலகை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தாலும் பிரியக் கூடாது. அதன் பிறகு முழுப் பலகை வாங்குவதற்கு முன் உள்ளங்கையளவு துண்டு கேட்டு வாங்கி வந்து, அடுப்பில் நான்கு மணி நேரம் கொதிக்க வைத்துப் பார்க்கிறேன். போலிப் பலகை இரண்டு மணி நேரத்திலேயே வாயைப் பிளந்துவிடும். பாத்திரம் பிசின் நாற்றம் அடித்துப் போனதால் என் மனைவி அதைப் படகுக் கணக்கிலேயே எழுதச் சொல்லிவிட்டார்; நோட்டில் அதுவும் இருக்கிறது.

பாயும் கயிறும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பருத்திப் பாய் தைத்துத் துவர்ச் சாயம் ஏற்றிய காலம் போய்விட்டது. இப்போது பிளாஸ்டிக் நெசவுத் துணியிலும் வெட்டி இணைத்த உரச்சாக்கிலும் தைக்கிறோம். இவற்றுக்குக் காற்று பகையன்று, வெயில்தான் பகை. கரை சேர்ந்ததும் பாயை இறக்கிச் சுருட்டி நிழலில் வைப்பவருக்கு இரண்டு மூன்று ஆண்டு வரும்; பாயைத் தாங்கும் கழியான பருமலிலேயே விட்டுவிடுபவருக்கு ஓராண்டுகூட வராது. பருத்தி நூலால் தைத்தால் துணி நன்றாயிருக்க நூல் இற்றுப்போகும். பாலியெஸ்டர் நூல் வேண்டும். பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு, பாய்மரத் தலையில் உருளும் இடத்தில் மட்டுமே தேயும். ஆண்டுக்கொரு முறை தலைமாற்றிக் கட்டினால் அதே கயிறு இன்னும் ஓராண்டு உழைக்கும். பாய்மரத்துக்குப் புன்னை கிடைத்த காலத்தை நினைத்து ஏங்குவதில் பயனில்லை. சவுக்கு போதும், பட்டை உரித்து, இரு முனையிலும் எண்ணெய் தடவி, நிழலில் மெல்ல உலர்த்தினால் பிளக்காது.

இனி அரசு உதவி. இரண்டு கணக்குகளை அருகருகே வைக்க விரும்புகிறேன். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், பாரம்பரிய மீனவர் பழைய படகை மாற்றிப் புதுப் படகும் வலையும் வாங்க, அலகுச் செலவை 5 லட்சம் ரூபாய் என வகுத்து, பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தார், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் தருகிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் பொதுப் பிரிவில் ஒருவர் 3 லட்சம் ரூபாயைத் தாமே திரட்ட வேண்டும். என் வத்தையை இந்த ஆண்டு மீண்டும் கடலுக்கு அனுப்ப ஆன செலவு: இரண்டு அயினி மரப் பலகைக்கு 7,800 ரூபாய், தச்சருக்கு மூன்று நாள் கூலி 3,900, கலப்பத்துக்கு நான்கு நாள் 4,800, ஆணி, பஞ்சு, குங்கிலியம், எண்ணெய் எல்லாம் சேர்த்து 4,100, இழுத்து ஏற்றித் தந்த ஊராருக்கு டீ, வடைக்கு 600, ஆக மொத்தம் 21,200 ரூபாய். இந்தத் தொகை கையில் இல்லாததால்தான் வத்தை ஐந்து வாரம் கிடந்தது. பலகை வாங்கிய பின் தச்சருக்குப் பணமில்லை. நகையை அடகு வைத்துத் தச்சரை முடித்தபின், கலப்பத்துக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார். தாங்கள் படம் எடுத்தது அந்த இடைவெளியில்.

பேரிடர் நிவாரணம் இல்லையா என்று கேட்கலாம். 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிவாரண நெறிமுறைப்படி, பகுதி சேதமடைந்த படகைச் சீர்செய்ய 6,000 ரூபாயும், முழுதும் சேதமானால் 15,000 ரூபாயும் உண்டு. மாநில அரசு சில வேளை கூடுதலாகவும் தருவதுண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் கடற்கரைக்கு வடக்கே உள்ளவர்கள் இழந்ததை நினைத்தால் அந்த உதவியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் புயல் அடித்தால் கிடைக்கும் அந்த 6,000 ரூபாய், புழு அரித்தால் கிடைப்பதில்லை. சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்தில் இதைக் கேட்டபோது, ‘படகு முழுசாக உடைந்துவிட்டால் வாருங்கள், மாற்றுப் படகுக்கு எழுதுவோம்’ என்று அங்கிருந்தவர் அன்போடுதான் சொன்னார். உடையாமலிருக்கத்தான் வந்தேன் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்பது மானியம்கூட அன்று. உழவர் கடன் அட்டை 2018–19 முதல் மீனவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அந்த அட்டையின் கீழோ, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவோ, மரப்படகுப் பழுதுபார்ப்புக்கென்றே இருபதாயிரம் ரூபாய் அளவில் ஒரு கடனைத் தை பிறந்ததும் கொடுத்து, தடைக்கால மீன் விலை கைக்கு வரும் ஜூன் மாதத்தில் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். ஐந்து மாதக் கடன். கடலின் கணக்கோடு பொருந்தும் கடன். இதோடு, சங்கத்தின் கிடங்கில் முக்கியெடுத்த ஆணியையும் குங்கிலியத்தையும் பிசினையும் பாலியெஸ்டர் நூலையும் சில்லறையாக விற்றால் எங்களுக்குப் பெரிய உதவி. மொத்தமாக விசைப்படகுக்கு விற்கும் கடைகளில், அரைக் கிலோ ஆணி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். கலப்பத்து தெரிந்த மூவரும் உளியைக் கீழே வைக்கும் முன் இரண்டு மூன்று இளைஞர்களை அவர்களிடம் கூலியோடு பழக விடுவதற்கும் யாரேனும் ஏற்பாடு செய்ய வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் புதுப் பாடப் பிரிவு திறக்கும்வரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். இளைஞர்கள் வர மாட்டார்கள் என்று கட்டுரையாளர் எழுதியதை மட்டும் நான் ஏற்கவில்லை. இந்த முறை திரி உருட்டித் தந்தவன் என் தம்பி மகனின் பன்னிரண்டாம் வகுப்பு நண்பன். மூன்றாம் நாள் கலப்பத்துக்காரர் அவன் கையில் உளியைக் கொடுத்து, அணியத்துக்கு அருகே நான்கடி இடுக்கை அவனையே அடிக்கச் சொன்னார். அந்த இடம் கசியவில்லை.

தங்கள் நாளிதழில் திருத்தம் வெளியிடுவீர்களோ மாட்டீர்களோ, அது தங்கள் விருப்பம். வத்தை மாசி கடைசி வாரத்தில் நீரில் இறங்கிவிட்டது. படம் எடுத்தவர் மீண்டும் ஒருமுறை வர விரும்பினால் அதிகாலை நான்கு மணிக்குள் வந்துவிட வேண்டும். அதன் பிறகு அது கரையில் இருக்காது.

இங்ஙனம்,
வத்தை உரிமையாளர் ஒருவர்,
தொண்டி வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.